மட்டக்களப்பு கேமர்களுக்கு டிஸ்கோர்ட் சரிவருமா?

ஆரையம்பதியில் ஒருவர், காத்தான்குடியில் ஒருவர், கல்முனையில் ஒருவர், கட்டாரில் வேலை செய்யும் மச்சான் ஒருவர். இந்தப் பக்கத்தில் ஒரு பப்ஜி ஸ்குவாட் பெரும்பாலும் இப்படித்தான் சேரும். பேசிக்கொள்வது வட்ஸ்அப் குரூப்பில். "ஒன்பதுக்கு வாறியா?" என்று கூப்பிட அது போதும். ஆனால் பிங் (கேம் சர்வருக்குத் தகவல் போய்த் திரும்ப எடுக்கும் நேரம்) ஏன் ஏறுகிறது, ரவுட்டரில் எதை மாற்றினால் இறங்கும் என்று ஒருவர் மினக்கெட்டு எழுதிய பதில், விடியும் முன்னே மீம்ஸுக்கும் வொய்ஸ் மெசேஜுக்கும் அடியில் போய்விடும். அடுத்த கிழமை இன்னொருவர் அதே கேள்வியோடு வருவார். விடயம் தெரிந்தவர் இரண்டு தரம் சொல்வார், மூன்றாம் தரம் சலித்துப்போய்ப் பேசாமல் இருப்பார். நல்ல குழுக்கள் இப்படித்தான் செத்துப்போகின்றன.

டிஸ்கோர்ட் என்ற அரட்டைச் செயலி 2015 மே மாதம் வந்தது. கேம் விளையாடுகிறவர்கள் பேசிக்கொள்ளவென்றே செய்தது. ஒரு ஊர்க் குழுவுக்கு வேண்டியதெல்லாம் காசில்லாமலே கிடைக்கிறது. ஆனால் சர்வரை (டிஸ்கோர்டில் ஒரு குழுவின் இடத்துக்கு அந்தப் பெயர்) திறந்துவிட்டு அப்படியே விட்டால் அதுவும் இன்னொரு வட்ஸ்அப் குரூப்தான். முதல் நாளே சரியாக அமைத்தவர்களுக்குத்தான் அது பயன்படும்.

எல்லாவற்றுக்கும் முன் சொல்லவேண்டியது போன் நம்பர். வட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்தால் உங்கள் நம்பர் முன்பின் தெரியாதவர் கையிலும் போகும். டிஸ்கோர்டில் பெயர் மட்டும்தான் தெரியும். இங்கே விளையாடும் பெண்பிள்ளைகள் பொதுக் குழுக்களில் சேராமல் ஒதுங்கி நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம். இந்த ஒன்றுக்காகவே மாறலாம் என்பேன்.

அடுத்தது ஃபோரம் சேனல். சர்வர் செட்டிங்கில் கம்யூனிட்டி வசதியை இயக்கினால்தான் இது வரும். அதை இயக்க, உறுப்பினர்கள் மின்னஞ்சலை உறுதிசெய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் ஆபாசப் பட வடிகட்டியையும் போட்டு, விதிகளுக்கு ஒரு சேனலும் காட்டவேண்டும். ஃபோரம் சேனலில் ஒவ்வொரு கேள்வியும் தனித் தலைப்போடு தனிப் பதிவாக நிற்கும், பதில்கள் அதற்குள்ளேயே கிடக்கும். சில நாள் யாரும் தொடாவிட்டால் பதிவு பட்டியலில் கீழே இறங்கும், ஆனால் அழியாது. ஒரு சேனலுக்கு 20 டேக் (பதிவைப் பிரித்துக் காட்டும் சிறு அடையாளச் சொல்) வரை வைக்கலாம், ஒரு பதிவில் 5 வரை ஒட்டலாம். ஆறேழு போதும்: பிங், போன், கணினி பாகம், டீம் தேவை, கேம் கண்ட்ரோல், தீர்ந்தது. டேக் போடாமல் பதிவிட முடியாது என்ற தெரிவையும் இயக்கிவிடுங்கள். நாம் எழுதுவது பாதி தமிழில், பாதி ஆங்கில எழுத்தில். அதிலும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். தேடல் பெட்டி அங்கே கைவிட்டுவிடும், டேக்தான் கைகொடுக்கும்.

அந்தச் சேனலின் தலையில் வழிகாட்டிக் குறிப்பு எழுத இடமுண்டு. அதில் ஒரு மாதிரிக் கேள்வியை எழுதி வையுங்கள். "கேம் லாக் அடிக்குது, என்ன செய்ய?" என்று கேட்டால் யாராலும் உதவ முடியாது. "வலோரண்ட், மும்பை சர்வர். பகலில் பிங் 70, இரவு 8 மணிக்குப் பிறகு 180. 4ஜி ரவுட்டர். கேபிள் போட்டுப் பார்த்தேன், அதே நிலை" என்று எழுதினால் வாசிக்கிறவர் உடனே விளங்கிக்கொள்வார்: வைஃபையில் பிழையில்லை, மாலை நேரத்தில் டவரில் நெரிசல். ரவுட்டரை ஜன்னலோரம் நகர்த்தவோ, வேறு பேண்டில் (அலைவரிசையில்) பூட்டவோ, வேறு கொம்பனி சிம் போட்டுப் பார்க்கவோ சொல்லலாம். கேம், சர்வர், நேரம், இணைப்பு, இதுவரை செய்து பார்த்தது. இந்த ஐந்தும் இல்லாத கேள்வியைத் திருத்தச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவில்லை. ஆனால் "இதுகூடத் தெரியாதா?" என்று எழுதுகிறவரை மொடரேட்டர் (குழுவை மேற்பார்ப்பவர்) உடனே நிறுத்தவேண்டும். ஏச்சு வாங்கிய புதியவர் திரும்ப வரமாட்டார்.

குரல் விடயத்தில் இரண்டு செட்டிங். ஒன்று ரீஜியன், அதாவது குரல் எந்த நாட்டுச் சர்வர் வழியாகப் போகிறது என்பது. ஓட்டோமெட்டிக்கில் விட்டால் முதலில் ஏறுபவருக்குக் கிட்டிய டிஸ்கோர்ட் குரல் சர்வர் தெரிவாகும். கனடாவில் இருக்கும் அண்ணன் முதலில் ஏறிவிட்டால் கல்லடிக்கும் களுவாஞ்சிகுடிக்கும் இடையிலான பேச்சு வட அமெரிக்கா போய்த் திரும்பும். சேனல் செட்டிங்கில் இந்தியா அல்லது சிங்கப்பூர் என்று நிலையாக வையுங்கள். எது நல்லது என்பது கொம்பனிக்குக் கொம்பனி மாறும். கணினியில், இணைந்த பின் கீழே பச்சை நிறத்தில் தெரியும் வரியை அழுத்தினால் பிங் தெரியும். இரவில் இரண்டையும் பார்த்து முடிவெடுங்கள்.

மற்றது பிட்ரேட், அதாவது குரலுக்கு ஒரு செக்கனுக்குச் செலவாகும் டேட்டா. முதலில் 64 கேபிபிஎஸ்ஸில் இருக்கும். ஒருவர் இடைவிடாமல் பேசினால் மணிக்கு ஏறத்தாழ 29 எம்பி. 32க்கு இறக்கினால் பாதி, பேச்சு அப்போதும் தெளிவாகவே கேட்கும். இது ஒரு குரலுக்கான கணக்கு. நான்கு பேர் ஒன்றாகக் கத்தினால் உங்கள் போனுக்கு மூன்று குரல் வந்துசேரும். மைக் தானாகத் திறக்கும் முறையில் ஃபேன் சத்தமும் ஜெனரேட்டர் சத்தமும் குரலாகவே போய் டேட்டாவைத் தின்னும். கணினியில் விளையாடுகிறவர்கள் பட்டனை அழுத்திப் பேசும் முறைக்கு மாறவேண்டும். போனில் மைக் உணர்திறனைக் கையால் கூட்டிக் குறைத்து, கிறிஸ்ப் இரைச்சல் வடிகட்டியைப் போட்டால் போதும். ஸ்கிரீன் ஷெயர் வேறு கணக்கு. இலவசக் கணக்கில் 720பி, 30 ஃபிரேம் கிடைக்கும், அது மணிக்குச் சில நூறு எம்பி முதல் ஒரு ஜிபி வரை இழுக்கும். மொபைல் டேட்டாவில் அதைத் தொடவேண்டாம்.

போனில் வரும் தொல்லை பெரும்பாலும் மூன்று. கேமுக்குள் இருக்கும் மைக்கை அணைக்காவிட்டால் இரண்டு செயலியும் ஒரே மைக்குக்கு அடிபட்டு உங்கள் குரல் போகாது. பற்றரி சேமிப்பு, பின்னணியில் ஓடும் டிஸ்கோர்டை மூடிவிடும். போன் செட்டிங்கில் அந்தச் செயலிக்கு பற்றரிக் கட்டுப்பாட்டை நீக்கவேண்டும். அழைப்பில் ஏறியதும் கேம் சத்தம் குறைந்துபோனால் போன் அதைத் தொலைபேசி அழைப்பாக எடுத்துக்கொண்டது என்று அர்த்தம். புளூடூத் கழற்றி வயர் ஹெட்செட் போட்டால் பெரும்பாலும் சரிவரும்.

இனி ஒழுங்கு. நுழைவுச் சரிபார்ப்பை 'ஹை' நிலையில் வையுங்கள். சர்வருக்குள் வந்து 10 நிமிடம் ஆகும்வரை புதியவர் எழுத முடியாது. லிங்க் கொட்ட வருகிறவர் அவ்வளவு நேரம் காத்திருப்பது குறைவு. அதற்கு மேல் உள்ள நிலை போன் நம்பர் கேட்கும். ஒரு நம்பரை இரண்டு கணக்குக்குப் போட முடியாததால், ஒரே போனில் விளையாடும் அண்ணன் தம்பியில் ஒருவர் வெளியே நிற்பார். ஓட்டோமொட் என்ற வடிகட்டியில் ஆயத்தமாக உள்ள கெட்ட வார்த்தைப் பட்டியலை நம்பவேண்டாம், நம் ஊர்த் தூஷணம் அதற்குத் தெரியாது. தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் கையால் சேர்க்கவேண்டும். சொல்லின் பின்னால் நட்சத்திரக் குறி போட்டால்தான் 'டா', 'களே' என்று ஒட்டி வருவதும் பிடிபடும். சிறிய சொல்லுக்கு இருபுறமும் போட்டால் பாவமறியாத சொற்களும் சிக்கும், அவற்றை விலக்குப் பட்டியலில் போடுங்கள்.

தோற்ற கோபத்தில் ஏசுகிறவருக்கு 10 நிமிடமோ ஒரு மணித்தியாலமோ டைம்அவுட் (எழுதவும் பேசவும் முடியாத தற்காலிகத் தடை) போதும். மறுகா அவரே வந்து கதைப்பார். இனத்தையும் மதத்தையும் இழுப்பது வேறு. இங்கே தமிழ்ப் பொடியனும் முஸ்லிம் பொடியனும் அம்பாறை டவுனிலிருந்து வரும் சிங்களப் பொடியனும் ஒரே ஸ்குவாட்டில் விளையாடுகிறார்கள். அது லேசில் கிடைக்கும் விடயமல்ல. அதைக் கெடுக்கிறவரை எச்சரிக்கை இல்லாமல் தடை செய்யவேண்டும். எந்த மொடரேட்டர் யாரை நீக்கினார் என்பது ஓடிட் லொக் என்ற பதிவேட்டில் 45 நாள் இருக்கும், சண்டை வந்தால் அதை எடுத்துப் பாருங்கள்.

ஏமாற்று வேலைகளும் உண்டு. இலவச யூசி (பப்ஜி காசு), இலவச டயமண்ட் (ஃப்ரீ ஃபயர் காசு), இலவச நைட்ரோ (டிஸ்கோர்டின் கட்டணச் சந்தா) என்ற லிங்க் எல்லாம் பொய். "தவறுதலாக உன் ஸ்டீம் கணக்கை ரிப்போர்ட் பண்ணிவிட்டேன், இவரோடு பேசு" என்று வருவதும் பொய். யாராவது அனுப்பிய கியூஆர் கோடை டிஸ்கோர்ட் செயலியால் ஸ்கேன் செய்தால் உங்கள் கணக்கு அவர் கணினியில் திறக்கும். பாஸ்வேர்ட்கூடத் தேவைப்படாது. கேம் ஐடி (கணக்கு) விற்பனையை விதியிலேயே தடை செய்யுங்கள். விற்றவரிடம் பழைய மின்னஞ்சல் இருக்கும், காசு வாங்கிய பிறகு அதை வைத்தே கணக்கைத் திரும்ப எடுப்பார்.

கதை சொல்லும் கேம்களைப் பற்றிப் பேசும்போது முடிவை || என்ற இரட்டைக் கோட்டுக்குள் எழுதினால் அது மறைந்து நிற்கும். தலைப்பில் மறைக்க முடியாது, ஆகவே தலைப்பில் முடிவைச் சொல்லவேண்டாம்.

குறைகள் சில உண்டு. செயலி தமிழில் இல்லை. சர்வருக்குள் எழுதியது கூகுளில் வராது. இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த பதில்கள் வெளியில் இருப்பவருக்குத் தெரியாது, சர்வர் அழிந்தால் எல்லாம் போய்விடும். மிக நல்ல பதில்களை மாதம் ஒருதரம் ஒரு கூகுள் டொக்கில் நகல் எடுத்து வையுங்கள். இலவசக் கணக்கில் ஒரு கோப்பு 10 எம்பிக்கு மேல் ஏறாது. அரை நிமிட வீடியோகூட அதைத் தாண்டும். யூடியூப்பில் அன்லிஸ்டட் ஆகப் போட்டு லிங்க் கொடுக்கலாம். நைட்ரோவுக்குக் காசு கட்டத் தேவையில்லை, அந்தக் காசு டேட்டா பெக்கேஜுக்குப் போகட்டும்.

சர்வருக்கு உரிமையாளர் ஒருவர்தான். அவருடைய கணக்கு களவு போனால் குழுவே போகும். அவரும் மொடரேட்டர்களும் இரட்டைப் பூட்டு (பாஸ்வேர்டோடு போனில் வரும் கோடும் கேட்கும் 2எஃப்ஏ) போட்டு, பேக்கப் கோடுகளைக் கடதாசியில் எழுதி வைக்கவேண்டும். போன் தொலைந்தால் டிஸ்கோர்ட் அந்தப் பூட்டை நீக்கித் தராது. உரிமையாளர் வெளிநாடு போகிறாரோ, ஏ.எல் படிக்கவென்று கேமை விடுகிறாரோ, போகும் முன் உறுப்பினர் பட்டியலில் அடுத்தவர் பெயரைத் தெரிவுசெய்து உரிமையை மாற்றிக் கொடுத்துவிட வேண்டும். ஒரு நிமிட வேலை.