ஃப்ளைட் சிம்முக்கு கார்ட், ஹெட்செட், மொனிட்டர்: வெள்ளவத்தை வீட்டில் நாலரை வருட அனுபவம்

என் சித்தப்பா மகன் போன மாதம் போனில் கேட்ட முதல் கேள்வியே, "அண்ணா, எந்த கார்ட் வாங்கிறது?" என்பதுதான். கணினியில் படத்தை வரையும் கிராஃபிக்ஸ் கார்ட்டைத்தான் கேட்டான். மொரட்டுவையில் படிக்கிறான். கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது, கணினியில் விமானம் ஓட்டும் ஃப்ளைட் சிம் பித்தும் பிடித்திருக்கிறது. "என்ன விமானம் ஓட்டப் போறாய், எதில பார்க்கப் போறாய்?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அவனிடம் பதில் இல்லை. 2021இல் என்னிடமும் இருக்கவில்லை. அதனால்தான் நான் வாங்கிய ஒழுங்கே தலைகீழாகப் போனது: முதலில் கார்ட், பிறகு கணினியின் மூளையான சிபியு, பிறகு மொனிட்டர், கடைசியில் கண்ணில் மாட்டும் விஆர் ஹெட்செட். இன்று மறுபடி தொடங்கினால் கண் பார்க்கப்போகும் திரையை முதலில் முடிவு செய்வேன். கார்ட் கடைசியில்தான் வரும்.

2021 தொடக்கத்தில் என்னிடம் இருந்தது ரைசன் 5 3600 சிபியு, 24 அங்குல 1080பி மொனிட்டர். மைக்ரோசொப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 ஓகஸ்டில் வெளியாகியிருந்தது. கிரிப்டோ நாணயம் உருவாக்கக் கணினிகளை ஓட்டும் சுரங்கக்காரர்கள் உலகம் முழுக்க கார்ட்டுகளை அள்ளிக்கொண்டிருந்த காலம் அது. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவின் மாடிப்படிகளில் பல சனிக்கிழமைகள் ஏறி இறங்கித்தான் 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ ஒன்று கிடைத்தது. இரத்மலானையிலிருந்து சின்ன செஸ்னா 172இல் எழும்பிக் கடலுக்கு மேல் திரும்பும்போது எல்லாம் அருமையாக இருந்தது. ஏ320 பயணிகள் விமானத்தில் உட்கார்ந்து கட்டுநாயக்கவில் இறங்கப் போனால் மட்டும் படம் வெட்டி வெட்டி வந்தது. கார்ட் போதவில்லை என்றே நம்பினேன். ஒரு வருடத்துக்கு மேல் அப்படி நம்பிக்கொண்டிருந்தேன்.

சிம்மின் டெவலப்பர் மோடில், ஒரு நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்ற ஃபிரேம் எண்ணிக்கையைக் காட்டும் ஒரு சிறு பெட்டி உண்டு. தடை எங்கே இருக்கிறது என்பதையும் அது சொல்லும். அதைத் திறந்து பார்த்த அன்றுதான், இழுத்துப் பிடிப்பது சிபியுவின் முக்கிய வேலைவரிசையான மெயின் த்ரெட் என்று தெரிந்தது. கார்ட் பாதி வேலையோடு காத்துக்கொண்டிருந்தது. விமானத்தின் கருவிகள், காற்று, சுற்றியுள்ள மற்ற விமானங்கள் என்று எல்லாவற்றையும் சிபியு கணக்குப் போட்டு முடித்த பிறகுதான் கார்ட்டுக்கு வரையவே வேலை வரும். கார்ட் வாங்க நினைக்கும் யாரும் முதலில் அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அதற்குக் காசு தேவையில்லை.

2022இல் எதையும் மாற்ற முடியவில்லை. டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360ஐத் தொட்டது. ஏப்ரலை ஒட்டிய நாட்களில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. அந்த வருடம் நான் பறந்தது மிகக் குறைவு. 2023இல் மதர்போர்டை மாற்றாமலே ரைசன் 7 5800எக்ஸ்3டி போட்டேன். சிபியுவுக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷ் 3600இல் 32 எம்பி, இதில் 96 எம்பி. சிம் இந்தக் கேஷைத் தின்று வாழ்கிறது. அதே கார்ட், அதே கட்டுநாயக்க. 30க்குக் கீழே திணறிய ஃபிரேம்கள் 40க்கு மேலே நின்றன. இந்த நாலரை வருடத்தில் காசுக்கு மிகப் பெரிய பலன் தந்தது இந்த ஒரு மாற்றம்தான். கார்ட் பற்றிய கட்டுரையில் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

சரி, மொனிட்டருக்கு வருவோம்.

மொனிட்டரின் அங்குலத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். கண்ணிலிருந்து எத்தனை பாகை அகலத்தை அது நிரப்புகிறது என்று பாருங்கள். 27 அங்குலத் திரை ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர் அகலம். 60 சென்ரிமீற்றர் தள்ளி உட்கார்ந்தால் அது 53 பாகையை நிரப்பும். 34 அங்குல அல்ட்ராவைட் 80 சென்ரிமீற்றர் அகலம், அதே தூரத்தில் 67 பாகை. காகிதத்தில் 14 பாகை சின்ன வித்தியாசம். ஆனால் தரையிறங்கத் திரும்பும்போது பக்க ஜன்னலில் ஓடுபாதை தெரிவதும் தெரியாமல் போவதும் அந்த 14 பாகைக்குள்தான் இருக்கிறது. நான் 3440×1440 அல்ட்ராவைட் வாங்கினேன், இன்றுவரை அதுதான். உயரத்தில் 27 அங்குல 1440பி திரையும் இதுவும் ஒன்றே, எழுத்தின் கூர்மையும் ஒன்றே. பக்கவாட்டில்தான் கூடுகிறது.

திரை நொடிக்கு எத்தனை தரம் படத்தை மாற்றுகிறது என்ற புதுப்பிப்பு வேகத்துக்காக அதிகம் செலவழிக்க வேண்டாம். துப்பாக்கி விளையாட்டுக்கு 240 ஹேர்ட்ஸ் உதவலாம், விமானம் 40, 50 ஃபிரேமில் அழகாகப் பறக்கும். கடையில் கேட்க வேண்டிய விஷயம் வேறு: கார்ட்டின் ஃபிரேம் வேகத்தோடு திரையை ஒத்தோட வைக்கும் ஃப்ரீசிங்க் அல்லது ஜிசிங்க் கீழே எதுவரை இறங்குகிறது? பல மொனிட்டர்கள் 48 ஹேர்ட்ஸில் நின்றுவிடும். நம் சிம்மோ பெரிய விமான நிலையங்களில் 48க்குக் கீழேதான் ஓடும். எல்எஃப்சி என்ற வசதி இருந்தால் ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு தரம் காட்டிச் சமாளிக்கும். இல்லாவிட்டால் துல்லியமாக இறங்கும் நேரத்தில் படம் கிழியும். திரைவகையில் நான் ஐபிஎஸ் பக்கம். விஏ திரைகளில் இரவுப் பறப்பின் கறுப்பு நன்றாக இருந்தாலும் இருட்டில் நகரும் விளக்குகள் பின்னால் நிழல் இழுப்பதைப் பார்த்தேன். ஓலெட் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் ஒரே காக்பிட் கருவிகள் ஒரே இடத்தில் நான்கு மணித்தியாலம் அசையாமல் நிற்கும் பொழுதுபோக்கு இது, தடம் பதியும் பயத்தில் தள்ளிவைத்தேன். ஓபன்ட்ராக் என்ற இலவச மென்பொருளையும் ஒரு சாதாரண வெப்கேமையும் சேர்த்தால் தலையைத் திருப்பும்போது திரையில் பார்வையும் திரும்பும். ஹெட்செட் வாங்க முதல் இதைக் கட்டாயம் ஒரு மாதம் பயன்படுத்திப் பாருங்கள்.

அல்ட்ராவைட் வந்த பிறகுதான் பழைய கார்ட் உண்மையிலேயே திணறத் தொடங்கியது. 1080பியில் 20 லட்சம் பிக்சல், அல்ட்ராவைட்டில் ஏறக்குறைய 50 லட்சம். அதைவிடப் பெரிய சிக்கல் 8 ஜிபி நினைவகம். அது நிரம்பியதும் மிச்சப் படத்தரவை கணினியின் ராமில் வைத்து, மதர்போர்டின் மெதுவான பிசிஐ பாதை வழியாக இழுக்கும், தலையைத் திருப்பும் கணத்தில் படம் ஒரு நொடி நிற்கும். சராசரி ஃபிரேம் எண்ணில் இது தெரியவே தெரியாது. 2024 நடுப்பகுதியில் 16 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ சூப்பர் வாங்கினேன். அந்த உறைதல் அன்றோடு போயிற்று. இன்று யாராவது ஃப்ளைட் சிம்முக்கு என்று கேட்டால் 12 ஜிபிக்குக் கீழே வேண்டாம் என்பேன், விஆர் என்றால் 16. மொனிட்டரில் மட்டும் பறப்பவருக்கு 16 ஜிபி உள்ள ஏஎம்டி ஆர்எக்ஸ் 6800 போன்ற கார்ட்டுகளும் நல்ல தெரிவுதான்.

ஃபிரேம் ஜெனரேஷன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆர்டிஎக்ஸ் 40 வரிசையில் வந்த இந்த வசதி, இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே ஒன்றைக் கார்ட்டே உருவாக்கிச் செருகுகிறது. சிபியுவைக் கேட்பதே இல்லை. சிபியுதான் தடை என்னும் நம் சிம்முக்கு இது அளந்து தைத்த சட்டை. பயணிகள் விமானத்தில் சற்றே கூடும் தாமதம் கையில் உறைப்பதில்லை. டிஎல்எஸ்எஸ் வேறு கதை. அது சிறிய படத்தை வரைந்து பெரிதாக்குகிறது. முன்பு உயரமானியின் எண்கள் மாறும்போது பழைய எண் பேய்போல் கொஞ்ச நேரம் தொங்கும். எனக்குப் பொறுக்கவில்லை, படத்தை முழு அளவிலேயே வரையும் டிஏஏ முறையிலேயே பறந்தேன். 2025 ஜனவரியில் டிஎல்எஸ்எஸ் 4 வந்த பிறகு அந்தக் கலக்கம் வெகுவாகக் குறைந்தது, இப்போது குவாலிட்டி நிலையில் வைத்திருக்கிறேன்.

அப்புறம் ஹெட்செட். 2024 தொடக்கத்தில், அதாவது பழைய கார்ட் இருந்தபோதே, வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கையில் மெட்டாவின் குவெஸ்ட் 3 ஹெட்செட் எடுத்தேன். ஒரு கண்ணுக்கு 2064×2208 பிக்சல். இரு கண்ணும் சேர்ந்து 90 லட்சத்துக்கு மேல், என் அல்ட்ராவைட்டைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 8 ஜிபி கார்ட்டில் அதை ஓட்டிய நாட்களை நினைத்தால் இப்போதும் வயிறு பிரட்டுகிறது. ஃபிரேம் தடுமாறினால் மொனிட்டரில் எரிச்சல் வரும், ஹெட்செட்டில் குமட்டல் வரும். ஃபிரேம் ஜெனரேஷன் விஆரில் கைகொடுக்காது. நான் 72 ஹேர்ட்ஸில் வைத்து, 36 ஃபிரேமில் பூட்டி, நடுவில் உள்ளதை ஹெட்செட்டின் ஸ்பேஸ்வார்ப் என்ற வசதி நிரப்ப விடுகிறேன். விமானத்தின் சுழலும் காற்றாடியின் ஓரம் கொஞ்சம் நெளியும், அதைப் பொறுக்கலாம். முகத்துக்கு நேரே மேசை மின்விசிறி, பக்கத்தில் இஞ்சி போட்ட பிளேன்டீ, முதல் வாரம் 15 நிமிடத்துக்கு மேல் கூடாது என்ற கட்டுப்பாடு. இந்த மூன்றும் எனக்கு உதவின.

ஆழம் தெரிகிறது என்பதை எழுதிப் புரியவைக்க முடியாது. கடல் பக்கமிருந்து இரத்மலானையின் 04 ஓடுபாதைக்கு வரும்போது ரயில் பாதையும் காலி வீதியும் காலடியில் கடக்கும். தரை எவ்வளவு கிட்டே வந்துவிட்டது என்று உடம்புக்குத் தெரியும். மொனிட்டரில் வருடக்கணக்காக என் தரையிறக்கம் தடால் என்றுதான் இருந்தது, ஹெட்செட்டில் இரண்டே வாரத்தில் மெத்தென்று இறங்கப் பழகினேன். ஆனால் எழுத்துக் கூர்மை? குவெஸ்ட் 3இல் ஒரு பாகைக்கு 25 பிக்சல் அளவு. என் மேசை மொனிட்டரில் அது 50ஐ நெருங்குகிறது. பாதிதான். ஏ320இன் கணினித் திரையில் வழித்தடம் தட்ட ஒவ்வொரு தரமும் முன்னால் குனிய வேண்டும், கீபோர்டும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் என் வழக்கம் தானாகவே பிரிந்துவிட்டது: செஸ்னாவுக்கு ஹெட்செட், ஏ320க்கு அல்ட்ராவைட். பயணிகள் விமானம் மட்டும்தான் ஓட்டுவேன் என்பவருக்கு ஹெட்செட் வேண்டாம் என்றே சொல்வேன்.

இரண்டு எச்சரிக்கை. பழைய எச்பி ரிவெர்ப் ஜி2 ஹெட்செட் மலிவாக வந்தால் ஆசைப்பட வேண்டாம். அது நம்பியிருந்த விண்டோஸ் மிக்ஸ்ட் ரியாலிட்டி மென்பொருளை விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து மைக்ரோசொப்ட் நீக்கிவிட்டது. குவெஸ்ட் 3ஐ வயரில்லாமல் ஓட்டுவதென்றால் கணினியிலிருந்து ரவுட்டருக்கு லான் கேபிள் கட்டாயம். எங்கள் மாடிவீடுகளில் பக்கத்து வீட்டு வைஃபைகள் ஒன்றையொன்று மிதிக்கின்றன. நான் கடைசியில் யுஎஸ்பி கேபிளுக்கே வந்துவிட்டேன்.

இனி வருவது கடற்கரை ஓரம் இருப்பவர்களுக்கு. எங்கள் வீட்டிலிருந்து கடல் நடை தூரம். உப்புக்காற்று கார்ட்டின் உலோகத் தகடுகளில் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. 3060 டிஐயின் ஒரு விசிறி இரண்டாவது வருடம் உறுமத் தொடங்கியது. வாங்கிய கடைக்குக் கொண்டுபோனேன். திருப்பிப் பார்த்து, "அரிப்பு இருக்கு அண்ணா, வாரண்டி இல்ல" என்றார்கள். பில்லின் பின்பக்கச் சிறிய எழுத்தில் அது இருந்தது, நான்தான் படிக்கவில்லை. ஒரு வருட வாரண்டி என்பது 350 நாள் என்று அச்சிட்ட விலைப்பட்டியல்களும் இங்கே உண்டு, படித்துவிட்டுக் காசு கொடுங்கள். இப்போது கணினியை ஜன்னல் பக்கத்திலிருந்து உள்சுவருக்கு மாற்றிவிட்டேன், மாதம் ஒரு தரம் தூசி ஊதுகிறேன். ஹெட்செட்டை சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வைக்கிறேன். அதன் லென்ஸில் வெயில் நேரே விழுந்தால் உள்ளே இருக்கும் திரை கருகிப்போகும், பல்கனிக் கதவருகே ஒரு நிமிடம்கூட வைக்காதீர்கள். மின்செலவையும் கணக்கில் சேருங்கள். 500 வாட் இழுக்கும் கணினி மூன்று மணித்தியாலத்தில் ஒன்றரை அலகு, அறையைக் குளிர்விக்கும் ஏசி தனி. 285 வாட் கார்ட்டை வேகம் அதிகம் இழக்காமல் பவர் லிமிட் 80 சதவீதத்தில் ஓட்டுகிறேன். அறையின் சூடு குறைவது உடனே தெரிகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு ஹெட்செட்டை மாட்டிவிட்டேன். இரத்மலானையிலிருந்து பலாலிக்கு ஏறக்குறைய 180 கடல் மைல், செஸ்னாவில் ஒன்றரை மணித்தியாலம். அம்மாவுக்காக விமானத்தை நேரே யாழ்ப்பாணக் கடல்நீரேரிக்குத் தெற்கில் தொடங்கினேன். பூநகரி தாண்டி நீர் முடிந்து பனங்காடு தொடங்கும் இடத்தில் அம்மா கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தா. "இன்னும் பதிய விடு. சந்தி தெரியுதா பாப்பம்." சிம்மில் கட்டடங்களைச் செய்மதிப் படம் பார்த்து மென்பொருள்தான் ஊகித்து எழுப்புகிறது. எங்கள் ஊர் வீடு இருக்க வேண்டிய இடத்தில் யாருடையதோ போல ஒரு கூரை இருந்தது. ஒழுங்கை மட்டும் வளைந்த இடத்தில் வளைந்தே இருந்தது. அம்மா அந்த ஒழுங்கையை விரலால் காற்றில் தொட்டுத் தொட்டு யார் யார் வீடு என்று சொல்லிக்கொண்டே வந்தா. வயது 68, குமட்டல் எதுவும் இல்லை.

தம்பிக்கு நான் சொன்ன முடிவு இது: அவன் ஓட்டப்போவது சின்ன விமானங்கள், தங்கியிருப்பது வாடகை அறை, பெரிய மேசைக்கு இடமில்லை. அதனால் குவெஸ்ட் 3, இருக்கும் பழைய மொனிட்டர், 16 ஜிபி கார்ட் ஒன்று. பாவித்த கார்ட்டாக இருந்தால் சுரங்கத்தில் ஓடியதா என்று கேள், விற்பவர் முன்னாலேயே அரை மணித்தியாலம் சிம்மை ஓட்டி நினைவகத்தின் சூட்டைப் பார், தகடுகளில் வெள்ளை பூத்திருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார். வருகிற சனிக்கிழமை யுனிட்டி பிளாசாவுக்கு இருவரும் போகிறோம். டோர்ச்சை நான் எடுத்துக்கொண்டு போகிறேன்.