லாங் ட்ரிப்புக்கு முன்னாடி காடிய காட்டுன பட்டறை

ஸ்கூல் லீவுல நம்ம மலேசியாவுல, பேராக்லேர்ந்து கிரிக் வழியா கிழக்குக் கரை கோத்தா பாரு, அப்படியே கடலோரமா திரங்கானு, குவாந்தான்னு எறங்கலாம்னு பிளான். சுங்கை சிப்புட் மார்க்கெட் பக்கத்துல நம்மாளு ஒருத்தரு காடி பட்டறையில என் மைவி காரை விட்டேன். எண்ணெய் மட்டும் மாத்துங்கண்ணேன்னு சொன்னா, எந்தப் பக்கம் போறீங்கன்னு கேட்டாரு. கிரிக்-ஜெலி காட்டு மலை ரோடுன்னதும் நேரா ஸ்பேர் டயர எடுத்து அமுக்கிப் பாத்தாரு, காத்தே இல்ல! 3 வருசமா நான் அதத் தொட்டதே இல்ல, வீட்டுக்காரிகிட்ட சொல்லிடாதீங்க. அப்புறம் முன் பிரேக் பேட கழட்டி கையிலயே குடுத்தாரு, நகம் கனம்தான் இருந்துச்சு, "மலை எறக்கத்துல இத நம்பாதீங்க தம்பி"ன்னாரு. கிரிக்லயே டேங்க ரொப்பிக்கணும், நடுவுல போன் லைன் கெடைக்காது, யானை குறுக்க வரும், ராத்திரி வேணாம்னு அவரே சொல்லி அனுப்புனாரு.

கொறைன்னா, ஒரு மணிக்கு தரேன்னு அஞ்சு மணி ஆக்கிட்டாங்க, ஒக்கார ஒரே நாற்காலி, அதுலயும் ஒரு பூனை. மொத்தம் 280 வெள்ளி (ரிங்கிட்), காசு மட்டும்தான், கார்டு செல்லாது. காலையில எட்டு மணிக்கே போயிடுங்க.