பழுதான ஷாட்கன் தோட்டா: கடைக்கா, கம்பெனிக்கா, கத்திக்கா?

புதுப் பெட்டியைப் பிரித்து நாலு தோட்டா சுட்டாயிற்று, ஐந்தாவது வெடிக்கவில்லை. அல்லது வெடித்தது, ஆனால் வெடித்த மாதிரியே இல்லை. இந்த நிலையில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள்: கண்டுகொள்ளாமல் மிச்சத்தைச் சுட்டுத் தீர்த்துவிடு, வாங்கின கடையில் கொடுத்து மாற்று, தயாரித்த கம்பெனிக்கு எழுது, கத்தியால் பிரித்து உள்ளே இருப்பதை எடுத்துக்கொள். நான் கம்பெனிக்கு எழுதும் கட்சி. ஆனாலும் எல்லாப் பழுதுக்கும் அது தேவைப்படாது.

கண்டுகொள்ளாமல் சுடுவதைத்தான் பலரும் செய்கிறார்கள், பெரும்பாலும் ஒன்றும் ஆவதும் இல்லை. உறைமேல் அச்சு மங்கியிருக்கிறது, பித்தளைத் தலையில் (தோட்டாவின் அடிப்பக்க உலோகம்) லேசாக நிறம் மாறியிருக்கிறது என்றெல்லாம் யாருக்கும் புகார் எழுத வேண்டாம். வெடிக்காமல் போன ஒற்றைத் தோட்டாவுக்கும் அப்படித்தான், ஆனால் உடனே துப்பாக்கியைத் திறந்துவிடக் கூடாது. தாமதமாகப் பற்றிக்கொள்ளும் தோட்டாவும் உண்டு என்பதால், குழலை ஆளில்லாத பக்கம் நீட்டியபடியே குறைந்தது 30 விநாடி காத்திருந்து அப்புறம் திறக்க வேண்டும். திறந்ததும் பிரைமரில், அதாவது தலையின் நடுவில் இருந்து உள்ளே இருக்கும் வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியில், விழுந்திருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். நட்டநடுவில் ஆழமாக விழுந்தும் வெடிக்கவில்லை என்றால் தோட்டாமேல்தான் சந்தேகப்பட வேண்டும். தொட்டும் தொடாததுமாக இருந்தால் துப்பாக்கியின் சுருள்வில் தளர்ந்திருக்கலாம், பிரைமரை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின் தேய்ந்திருக்கலாம், கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்ப் பயனில்லை.

சத்தம் சிறுத்து, உதையும் இல்லாமல் 'புஸ்' என்று போனால் கதையே வேறு. தயாரிக்கும்போது வெடிமருந்து விழாத, அல்லது அரைகுறையாக விழுந்த தோட்டா அது. பிரைமரின் வேகம் மட்டுமே போதும், ஈயக் குண்டுகளைத் தாங்கியிருக்கும் வாட் என்கிற பிளாஸ்டிக் கிண்ணம் உறையை விட்டுக் கிளம்பிக் குழலுக்குள் போய் நின்றுவிடும். அதற்குப் பின்னால் இன்னொரு தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் உப்பும், இல்லையென்றால் வெடித்துப் பிளக்கும், குழலைத் தாங்குகிற கை இருப்பதும் அந்தப் பக்கம்தான். இரட்டைக்குழல் என்றால் மடித்து, தோட்டாக்களை எடுத்துவிட்டு, பின்பக்கமிருந்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க ஒரு நொடி போதும். ஆட்டோமேட்டிக்கில் எல்லாத் தோட்டாவையும் எடுத்துவிட்டுக் குழலையே கழற்றிப் பார்க்க வேண்டும், சோம்பல்பட்டால் முடிந்தது.

சரி, குழல் சுத்தமாக இருக்கிறது, மிச்சத்தைச் சுடலாமா? நான் சுடமாட்டேன். மருந்து விழும் வழியில் அடைப்பு ஏற்பட்டு ஒன்றில் குறைந்தது என்றால், அடைப்பு விட்டதும் அடுத்ததில் சேர்ந்து விழுந்திருக்கவும் வாய்ப்புண்டு, அதாவது அதே பெட்டியில் ஒன்று பட்டினி, இன்னொன்று அளவு மீறியது. எடை போட்டுக் கண்டுபிடிக்கலாம் என்பவர்களும் உண்டு. 12 கேஜ் (கேஜ் என்பது குழலின் அகல அளவு) தோட்டா முழுதாக ஏறக்குறைய 40 கிராம் இருக்கும், அதில் மருந்து ஒன்றரை கிராம்கூட வராது. ஈயக் குண்டே இல்லாத தோட்டா தராசில் மாட்டும், மருந்தில்லாதது குண்டின் எடையிலும் உறையின் எடையிலும் இருக்கும் சிறு வித்தியாசத்துக்குள் ஒளிந்துகொள்ளும்.

இனி கடையா கம்பெனியா. கண்ணால் பார்த்தே சொல்லிவிடக்கூடிய பழுதுக்குக் கடைதான் வேகம். பிரைமர் தலைகீழாக இருக்கிறது, பிரைமரே இல்லை, வாய் மடிப்பு சரியாக மூடாமல் நடுவில் ஓட்டை விழுந்து குண்டு ஒன்றிரண்டு பெட்டியிலேயே சிந்திக் கிடக்கிறது என்றால் வாதாடவே வேண்டியதில்லை. தலைப்பக்கத்தில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தால் பிரைமர் விளிம்புக்கு மேலே நிற்பதும் தட்டுப்படும். கடையோடு இருக்கும் சிக்கல் இரண்டு. பிரித்த பெட்டியைத் திரும்ப வாங்கச் சட்டமோ கடையின் விதியோ இடம் கொடுக்காமல் போகலாம். இன்னொன்று மோசம்: மாற்றித் தரும் பெட்டியும் அதே அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்ததாக, அதே லாட்டாக, அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியாக, இருக்கும். வாங்கும்போதே லாட் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள், அது வேறாக இருந்தால்தான் மாற்றியதற்கு அர்த்தம்.

கம்பெனி மெதுவாகத்தான் நகரும். லாட் எண், தோட்டாவின் படம், துப்பாக்கியின் மாடல், தோட்டா உட்காரும் சேம்பரின் நீளம் என்று கேள்விமேல் கேள்வி வரும். ஆனால் அந்த லாட்டை அழுத்தமானியில் வைத்துச் சோதிக்கவும், தேவைப்பட்டால் சந்தையிலிருந்தே திரும்ப அழைக்கவும் அவர்களால்தான் முடியும். துப்பாக்கி, தோட்டாப் பாதுகாப்புச் சோதனைக்கான சர்வதேச அமைப்பான சி.ஐ.பி.யின் விதிப்படி சாதாரண 12 கேஜ் 70 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு உச்ச அழுத்தம் 740 பார் (அழுத்த அலகு). உங்கள் தோட்டா அதைத் தாண்டியதா என்பதை நீங்களோ கடைக்காரரோ கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. துப்பாக்கிக்கே சேதம் என்றால் கடையை மறந்துவிட்டு நேராகக் கம்பெனிதான், அதுவும் துப்பாக்கியைத் துடைக்காமல், பழுதுபார்க்கக் கொடுக்காமல், சுட்ட உறையையும் மிச்சத் தோட்டாவையும் அப்படியே வைத்துக்கொண்டு. ஆர்வக்கோளாறில் பழுதான தோட்டாவைத் தபாலில் போட்டுவிடாதீர்கள், உயிருள்ள தோட்டா ஆபத்தான சரக்கு வகையில் சேரும், வேண்டுமென்றால் எப்படி அனுப்புவது என்று அவர்களே ஏற்பாடு சொல்வார்கள்.

இத்தனையும் ஒரு அட்டைத் துண்டை நம்பி நிற்கிறது. லாட் எண் பொதுவாகப் பெட்டியின் மடிப்பில்தான் அச்சாகியோ அழுத்தியோ இருக்கும், நம் ஆட்களோ முதல் வேலையாகத் தோட்டாவைப் பையில் கொட்டிக்கொண்டு பெட்டியை எறிவார்கள். இரண்டு பெட்டி ஒரே பையில் கலந்துவிட்டால் எது எந்த லாட் என்று யாராலும் சொல்ல முடியாது. கொட்டும் முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் போதும்.

கடையும் கம்பெனியும் கைவிரிக்கும் ரகமும் ஒன்று உண்டு. மலிவான தோட்டாக்களில் தலை இரும்பில் இருக்கும், பித்தளை அளவுக்குச் சுருங்கித் திரும்பாது, இறுக்கமான சேம்பரில் சுட்டதும் சிக்கிக்கொள்ளும். வேறு துப்பாக்கியில் சுகமாகக் கழன்று வரும் என்பதால் பழுது என்று நிரூபிக்க முடியாது. சேம்பரை நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்தும் சிக்கினால் பிராண்டை மாற்றுங்கள்.

கடைசியாக, கத்தி. ஈயக் குண்டாவது மிஞ்சுமே என்று பிரிப்பவர்கள் இருக்கிறார்கள். குண்டு மிஞ்சும், சரி. மருந்து எந்த வேகத்தில் எரியும் என்பது நிறத்தையோ துகளையோ பார்த்துத் தெரியாது, ஆகவே அதை வேறு தோட்டாவில் நிரப்புவது குருட்டு வேலை. மேலெழும்பி நிற்கும் பிரைமரை அழுத்தி உள்ளே தள்ளுவது அதைவிட மோசம், அழுத்தத்தில் வெடிப்பதுதான் அதன் தொழிலே. மிஞ்சும் ஒரு கைப்பிடி ஈயத்துக்காக இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

யாரும் வாங்கிக்கொள்ளாத தோட்டாவை எண்ணெயில் ஊறப்போட்டால் செத்துவிடும் என்று நம்பாதீர்கள், பிரைமர் அதற்கெல்லாம் அசையாமலும் இருக்கும். குப்பைத் தொட்டி, தீ, மண்ணில் புதைப்பது எதுவும் வேண்டாம். தனி டப்பாவில் போட்டு மேலே 'பழுது' என்று எழுதி வைத்திருந்து, ஷூட்டிங் ரேஞ்சில் வெடிக்காத தோட்டாவுக்கென்று வைத்திருக்கும் பெட்டியிலோ, அது இல்லாத இடத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு காவல் நிலையத்திலோ ஒப்படைத்துவிடலாம்.