பியானோவைக் கப்பலில் ஏற்றுவதா, விற்றுவிட்டுப் போவதா?

சென்னையிலிருந்து டொராண்டோவுக்குக் குடிபெயர்கிறீர்கள், வீட்டில் ஒரு அப்ரைட் பியானோ (கம்பிகள் செங்குத்தாக நிற்கும், சுவரோரம் வைக்கும் வகை). எடை 200 கிலோ இருக்கும். கப்பல் கட்டணத்தைவிட எனக்குப் பெரிய கவலை ஈரப்பதம்தான். கடலோரக் காற்றில் பழகிய மரம், கனடா குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வறண்ட அறையில் சுருங்கும். ஒலியைப் பெருக்கும் மரப்பலகையான சவுண்ட்போர்டில் விரிசல் விழலாம். கம்பிகளை இழுத்துப் பிடிக்கும் டியூனிங் பின்கள் பிடி தளர்ந்து, 200-க்கும் மேற்பட்ட கம்பிகளில் சுருதி இறங்கும். அறையின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பலாம். கட்டைகளில் யானைத் தந்தம் பதித்த பழைய பியானோ என்றால் சைட்டீஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) அனுமதிக்கும் அலைய வேண்டும்.

விற்றுவிட்டால்? அங்கே பழைய அப்ரைட்கள் மலிவு, சிலர் சும்மாவே தருகிறார்கள். டியூனர் ஒருவரை அழைத்துப் போய்ப் பார்த்து வாங்குங்கள்.

சாதாரணப் பியானோ என்றால் விற்பதே சரி. பாட்டி வாசித்தது என்றால் கணக்கே வேறு. தாராளமாக ஏற்றுங்கள், இறக்கியதும் சில வாரம் விட்டு, அப்புறம் டியூன் செய்யுங்கள்.