வானின் பின் ஸ்பிரிங் சத்தம்: இரண்டு மழைக்காலம் ஓட்டிப் பார்த்தபின்

கொழும்பு வெள்ளவத்தையில் கடலோரமாக வானை நிறுத்துபவர்களுக்குக் காற்று இலவசம். அடிப்பாகத்துத் துருவும் இலவசம். வார நாட்களில் பாடசாலைப் பிள்ளைகள், விடுமுறை என்றால் ஏ9 வழியாக யாழ்ப்பாணம் என்று ஓடும் என் பழைய டீசல் வான், ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கம் கீச்சிடத் தொடங்கியது. "அங்கிள், வானுக்குப் பசிக்கிறதா?" என்று பின் இருக்கைப் பிள்ளைகள் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வான்களின் விலை ஏறிய ஏற்றத்தில், விற்றுவிட்டு வேறொன்று வாங்கும் பேச்சுக்கே இடமிருக்கவில்லை.

ஹைஏஸ், கரவன் போல இங்கு ஓடும் வான்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் தகட்டு ஸ்பிரிங்தான், அதாவது நீண்ட உருக்குத் தகடுகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்வது அதன் இயல்பு. சத்தம் வந்தாலே பழுது என்றில்லை. எந்தச் சத்தம், எப்போது வருகிறது என்பதுதான் விஷயம். வெயிலில் கீச்சிட்டு, நல்ல மழையில் நனைந்ததும் அடங்கினால் தகடுகளுக்கு இடையிலோ ஸ்பிரிங் முனைகளில் இருக்கும் இறப்பர் உருளையான புஷ்ஷிலோ உராய்வு. புறப்படும்போதும் பிரேக் அடிக்கும்போதும் 'டக்' என்று ஒரு தட்டு வந்தால் ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் யூ போல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது ஸ்பிரிங்கின் ஒரு முனையை வானின் சட்டத்தோடு (சேசி) இணைக்கும் ஷக்கிளின் புஷ் தேய்ந்திருக்கலாம். அதைத் தள்ளிப்போடக் கூடாது. சிறு பள்ளங்களில் கடகடவென்றால் ஷொக் அப்சோபரின் புஷ்ஷைப் பாருங்கள். அதற்கும் முன்னால், அடியில் தொங்கும் மேலதிகச் சில்லை ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். அதன் சங்கிலி தளர்ந்து ஆடுவதற்கெல்லாம் ஸ்பிரிங்கின் மேல் பழி விழுகிறது.

என் வானில் இடத்தைக் காட்டிக்கொடுத்தது ஒரு போத்தல் தண்ணீர். ஒருவர் பின் பம்பரை அமுக்கி ஆட்ட, நான் ஒரு புஷ்ஷை மட்டும் நனைத்துவிட்டுக் கேட்டேன். பிறகு அடுத்தது, பிறகு தகடுகளின் நுனி. ஒயில் ஊற்றிச் சோதித்தால் அது எல்லா இடமும் பரவி எதையும் பிரித்தறிய விடாது. தண்ணீர் காய்ந்து போய்விடும். வலப்பக்க ஷக்கிளின் கீழ்ப் புஷ் நனைந்ததும் பாதிச் சத்தம் குறைந்தது. மீதி, இரண்டாவது தகட்டின் நுனியில். அங்கிருக்க வேண்டிய மெத்தைத் துண்டு தேய்ந்து காணாமல் போயிருந்தது. இரும்பில் இரும்பு உரசி நக அகலத்துக்கு ஒரு பள்ளம், சுற்றிலும் செந்துரு, நடுவில் மட்டும் பளபளப்பு.

நான் முதலில் காட்டிய கராஜில் சொன்ன தீர்வு, இன்னொரு தகடு ஏற்றுவது. நான் ஒப்பவில்லை. சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது ஒருபுறம். இத்தகைய வான்கள் பலவற்றில், பின் அச்சுக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளியைக் கம்பி ஒன்றால் அறிந்து பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு இருக்கிறது. தகடு ஏற்றிப் பின்பக்கத்தை உயர்த்தினால், வான் நிறையப் பிள்ளைகள் இருந்தாலும் அது வெறும் வான் என்றே எண்ணிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். சேர்விஸ் நிலையங்களில் அடியில் கழிவு ஒயில் விசிறச் சொல்பவர்களும் உண்டு. சில நாள் அமைதிதான். இறப்பர் ஊதி இளகும், புழுதி ஒட்டும், பிரேக்கில் பட்டால் அதைவிட ஆபத்து. புஷ்ஷுக்கு எதாவது போட்டே ஆகவேண்டுமென்றால் சிலிக்கோன் மசகு மட்டும்.

வேலையைக் கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு வயதான மெக்கானிக் பாஸிடம் கொடுத்தேன். அவர் செய்த முதல் வேலை முன் சில்லுகளுக்கு இரு பக்கமும் கட்டை வைத்தது. பின் சில்லுகளில் இயங்கும் வானுக்கு ஹாண்ட் பிரேக்கும் கியரும் பின் சில்லுகளைத்தான் பிடிக்கின்றன. அவை இரண்டும் தரையை விட்டு எழுந்தால் வானைப் பிடித்துவைக்க ஒன்றுமில்லை. வீட்டு முற்றத்தில் ஜக் போட்டு அடியில் நுழைபவர்கள் இதை நினைப்பதே இல்லை. சேசியின் கீழ் இரண்டு தாங்கிகள், அச்சின் கீழ் தனியாக ஒரு ஜக். அச்சை மெல்லத் தாழ்த்தும்போது அது பிரேக் குழாயில் தொங்காமல் பார்த்துக்கொண்டார். ஒரு பக்கத்தை முடித்தபின்தான் மறுபக்கத்தைத் தொட்டார்.

புஷ்களும் மெத்தைத் துண்டுகளும் பஞ்சிகாவத்தையில் வாங்கியவை. பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவதே உத்தமம். பெயர் ஒன்றாக இருக்கும், உள்விட்டம் வேறாக இருக்கும். யூ போல்ட்டுகளையும் நட்டுகளையும் புதிதாகவே போட்டோம். புஷ் போல்ட்டுகளின் கடைசி முறுக்கு, வானைத் தரையில் இறக்கிப் பாரம் சில்லுகளில் வந்த பிறகு. தொங்கும் நிலையில் இறுக்கினால் இறப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும். யாழ்ப்பாணம் ஒருமுறை போய் வந்ததும் யூ போல்ட்டுகளை மீண்டும் இறுக்கினோம். புதியவை கொஞ்சம் தளர்வது வழக்கம்.

அதன்பின் வலப்பக்கம் வாய் திறக்கவில்லை. இடப்பக்கம், மாசி பங்குனி வெயிலில் முழுப் பாரத்துடன் போனால் லேசாக முனகுகிறது. அடிப்பாகத்தைத் தண்ணீரால் கழுவிவிட்டால் போகிறது, அதற்காக மறுபடி எதையும் பிரிக்கவில்லை. கழுவும்போது தகடுகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டை ஒட்டித் தகட்டின் குறுக்கே துருக்கோடு தெரிகிறதா, வான் ஒரு பக்கம் சரிந்து நிற்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். அப்படித் தெரிந்தால் அது வெடிப்பாக இருக்கலாம். ஒட்டி எடுக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஸ்பிரிங் உருக்கு வெல்டிங் சூட்டில் பதம் இழந்து, ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி உடையும். தகட்டை மாற்றத்தான் வேண்டும்.