பயேயா சாப்பிடணும்னா வலென்சியா போங்க, அதுவும் மத்தியானம் போங்க

ஸ்பெயின் போயிட்டு வந்து மூணு வாரம் ஆச்சு, பாக்குறவங்க எல்லாரும் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், "பயெல்லா சாப்டியா, எப்படி இருந்துச்சு?" மொதல்ல அது பயெல்லா இல்லங்க, பயேயா, அகலமான தட்டுல கறி, பீன்ஸெல்லாம் போட்டு வேக வைக்கிற ஒரு சோறு. அங்க ரெண்டு எல் சேந்து வந்தா 'ய' மாதிரிதான் சொல்றாங்க. ரெண்டு தடவ சாப்ட்டேன். ஒண்ணு கேவலம், இன்னொண்ணு இன்னும் நாக்குலயே நிக்குது.

கேவலமானது பார்சிலோனாவுல. ராம்ப்லா தெருவுல ராத்திரி எட்டு மணிக்கு நடந்து போறோம், வாசல்ல பெரிய ஃபோட்டோ போர்டு, ஒரு ஆள் கையப் பிடிச்சு இழுக்காத குறையா கூப்பிடுறார், பசி வேற, போய் உக்காந்துட்டோம். ஆர்டர் பண்ணி பத்து நிமிஷம் கூட ஆகல, தட்டு வந்துருச்சு. அப்பவே சுதாரிச்சிருக்கணும். கலர் பொடி போட்ட மஞ்ச சோறு, குழைஞ்சு போய், மேல நாலு பட்டாணி, ரப்பர் மாதிரி எறா ரெண்டு. 22 யூரோ! வலென்சியாவுல படிக்கிற என் தம்பிகிட்ட சொன்னா விழுந்து விழுந்து சிரிக்கிறான். "அண்ணே, ராத்திரில பயேயா கேட்டாலே டூரிஸ்ட்னு தெரிஞ்சிரும், அங்க அது மத்தியான சாப்பாடு, நீ ஞாயித்துக்கிழம இங்க வா"ன்னான்.

போனோம். வலென்சியா சிட்டியிலருந்து தெக்க, அல்புஃபேரான்னு ஒரு ஏரி, அதச் சுத்தி கண்ணுக்கெட்டுற தூரம் நெல்லு வயல், நடுவுல எல் பால்மார்னு ஒரு சின்ன ஊரு. ஜூலை மாசம் போனதால வயல் எல்லாம் பச்சப் பசேல்னு, கொக்கு வேற நிக்குது, பஸ் ஜன்னல்ல பாத்தா கும்பகோணம் ரோட்ல போற ஃபீலிங். ஊர்ல தடுக்கி விழுந்தா ஹோட்டல், எல்லாத்துலயும் சோறுதான் மெயின். தம்பி முன்னாடியே ஃபோன் பண்ணி சொல்லி வச்சிருந்தான், ஏன்னா நெறைய எடத்துல குறைஞ்சது ரெண்டு பேருக்குத்தான் செய்வாங்க, ஆர்டர் சொன்னப்புறம்தான் அடுப்பே பத்த வைப்பாங்க.

வலென்சியாக்காரங்களுக்கு இதுல ஒரு கணக்கு இருக்கு. அரிசி, கோழி, முயல், ஒரு பட்டையான பீன்ஸ், காராஃபோன்னு ஒரு வெள்ளக் கொட்ட, தக்காளி, ஆலிவ் எண்ணெய், குங்குமப்பூ, தண்ணி, உப்பு, அவ்வளவுதான் பயேயா வலென்சியானா. சிலர் ரோஸ்மேரி, நத்தை, மொளகாத்தூள்னு சேத்துக்குவாங்க. மீன், எறா போட்டதுக்கு வேற பேரு, அது வேற ஐட்டம். சொரீசோங்குற பன்னிக்கறி சாஸேஜ் மட்டும் போட்டீங்கன்னா தொலைஞ்சீங்க. 2016-ல ஜேமி ஆலிவர்னு இங்கிலாந்து டிவி சமையல்காரர் அத போட்டு ஒரு ரெசிபி ட்விட்டர்ல போட்டு ஸ்பெயின் மொத்தமும் அவர வறுத்து எடுத்துச்சு. பிரியாணியில தயிர் போடலாமா கூடாதாங்குற நம்ம சண்ட மாதிரி, ஆனா அங்க 2021-ல வலென்சியா அரசாங்கமே பயேயாவ கலாச்சாரச் சொத்துன்னு அறிவிச்சிருச்சு, பாத்துக்கோங்க.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். முக்கால் மணி நேரம் காக்க வச்சாங்க. அப்புறம் வந்துச்சு பாருங்க, ரெண்டு கைப்பிடி வச்ச அகலமான இரும்புத் தட்டு (பயேயாங்குறதே அந்தத் தட்டோட பேருதான்), ஆரஞ்சு மரக்கட்டையில வெந்ததால லேசா புகை வாசம். சோறு ஒரு விரக்கடை உயரம் கூட இல்ல. மொதல்ல பாத்துட்டு "இவ்ளோதானா"ன்னு முகம் சுருங்கிருச்சு எனக்கு. வாயில வச்சதும்தான் புரிஞ்சுது, குட்ட அரிசி, கறித்தண்ணிய பூரா உறிஞ்சு வச்சிருக்கு ஆனா ஒண்ணு கூட ஒடையல. அந்தக் காராஃபோ வேற ஒண்ணும் இல்ல, நம்ம டபுள் பீன்ஸ் சாதிதான், வெண்ண மாதிரி கரையுது. முயல் கறி நல்லா இருக்கு, எலும்புதான் ஜாஸ்தி. காரம் சுத்தமா கெடையாது, அத எதிர்பாத்துப் போனீங்கன்னா ஏமாந்துருவீங்க.

ஆனா மேட்டரே அடியிலதான். சொக்கராட்னு சொல்றாங்க, நம்ம காந்தல்! அரிசி போட்டப்புறம் கரண்டியே போட மாட்டாங்க, கிண்டுனா போச்சு, கடைசியில தண்ணி வத்தி சடசடன்னு சத்தம் வரும்போது காத வச்சுக் கேட்டு எறக்குறாங்களாம். அம்மாச்சி வீட்ல பான அடியில இருக்குறதுக்கு நானும் தம்பியும் அடிச்சுக்குவோம், இங்க இரும்புத் தட்டு அடிய மரக்கரண்டியால சுரண்டி ஆளாளுக்கு அவங்க பக்கத்துலருந்து தின்னுக்கிட்டிருக்கோம், பக்கத்து டேபிள்ல கோட்டு போட்ட ஒரு தாத்தாவும் அதேதான் பண்றார். கருகல் கிடையாது, ஒட்டிக்கிட்டு மொறுமொறுன்னு, கறி எண்ணெய் எறங்கி... ஆளுக்கு 18 யூரோ, தாராளமா குடுக்கலாம்.

கூடவே ஆல் இ பேப்ரே வாங்குனோம், பூண்டும் மொளகாத்தூளும் போட்டு விலாங்கு மீன் கொழம்பு, உருளக்கெழங்கு வேற கெடக்கும். ஸ்பெயின்ல சாப்ட்டதுலயே நம்ம கொழம்புக்குக் கிட்ட வந்தது அதுதான். விலாங்கு கொழுப்பு அதிகம், ரெண்டு துண்டுக்கு மேல எனக்கு எறங்கல.

அடுத்த நாள் மெட்ரோ ஏறி பக்கத்துல அல்போராயாங்குற ஊருக்குப் போனோம். ஓர்ச்சாத்தா குடிக்க. பாக்க பாதாம் பால் மாதிரி இருக்கும், ஆனா பால் ஒரு சொட்டு இல்ல, நம்ம ஊர் கோரைக்கிழங்கு குடும்பத்துல சேந்த ஒரு குட்டிக் கிழங்க ஊற வச்சு அரச்சுப் புழிஞ்சு சக்கர போட்டு ஐஸ் மாதிரி குடுக்குறாங்க. ஃபார்தோன்னு நீட்டமா ஒரு பன்னு, அத முக்கி முக்கி சாப்பிடணும். 35 டிகிரி வெயில்ல ரெண்டு க்ளாஸ் உள்ள போச்சு. பாட்டில்ல விக்கிறத மட்டும் வாங்காதீங்க, வெறும் சக்கரத் தண்ணி.

மத்ததெல்லாம் சும்மா சொல்லிட்டுப் போறேன். கஸ்பாச்சோ எனக்கு செட் ஆகல, ஃப்ரிட்ஜ்ல வச்ச தக்காளி ரசம். கோர்தோபா பக்கம் செய்ற சால்மோரேஹோ பரவால்ல, ரொட்டி போட்டு கெட்டியா இருக்கும், மேல முட்டையோட ஹாம் (பன்னிக்கறி) தூவுவாங்க, வேண்டாம்னா முன்னாடியே சொல்லிருங்க. மாட்ரிட்ல உருளக்கெழங்கு ஆம்லெட், தோர்த்தியா, கண்டிப்பா சாப்பிடுங்க, நடுவுல கொஞ்சம் கொழகொழன்னு இருக்குறதுதான் நல்லது. வெங்காயம் போடணுமா கூடாதான்னு அந்த ஊரே ரெண்டா பிரிஞ்சு கெடக்கு. நான் வெங்காயக் கட்சி.

வர்றப்போ மார்க்கெட் பக்கத்துல ஒரு பயேயா தட்டும் வாங்கிட்டு வந்தேன். கழுவித் தொடச்சு எண்ணெய் தடவி வைக்கணும், நம்ம இரும்பு தோசக்கல் மாதிரி, இல்லன்னா துருப்பிடிக்கும். போன ஞாயித்துக்கிழம வீட்ல ட்ரை பண்ணேன், கோழி, டபுள் பீன்ஸ், பொன்னி அரிசி. "கிண்டாத கிண்டாத"ன்னு கத்திக்கிட்டே இருக்கேன், நான் ஃபோன் எடுக்கப் போன கேப்ல அம்மா கரண்டியப் போட்டு நல்லா ஒரு கலக்கு கலக்கி வச்சுட்டாங்க. மேல எல்லாம் கோழிக் கஞ்சி. அடியில ஒரு ஓரமா மட்டும் காந்தல் பிடிச்சிருந்துச்சு, அதையும் அவங்களே சுரண்டித் தின்னுட்டாங்க.