முடியாதுன்னு சொல்லத் தெரிஞ்ச நோட்டரி, மதுரை – அஞ்சுக்கு அஞ்சு

பேர் போட மாட்டேன், முதல்லயே சொல்லிடுறேன். போடலாமான்னு அவங்ககிட்டயே கேட்டேன், "தம்பி, வக்கீல் விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு பார் கவுன்சில் ரூல் இருக்கு, நீங்க நல்லதா எழுதுனாலும் நான் எழுதச் சொன்ன மாதிரி ஆயிடும், பேர் வேணாம்"னாங்க. அதனால மதுரை கோர்ட் பக்கத்துல ஒரு மாடில ஆபீஸ் வச்சிருக்க, நோட்டரியாவும் இருக்க ஒரு வக்கீலம்மான்னு மட்டும் வச்சுக்கங்க. பேர் இல்லாம எதுக்கு ரிவ்யூன்னு கேப்பீங்க, உங்க ஊர்ல நோட்டரிகிட்ட போறப்ப எப்படி ஆள் பாக்கணும்னு தெரியணும்ல, அதுக்குத்தான்.

நான் போன வேலை சின்ன வேலைதான். வீடு மாறினப்ப அப்பா பேர்ல இருந்த மூலப்பத்திரம் தொலைஞ்சு போச்சு, போலீஸ்ல புகார் குடுத்தாச்சு, பேப்பர்ல விளம்பரமும் போட்டாச்சு, அப்பா பேர்ல ஒரு அஃபிடவிட், அதாவது சத்தியப் பிரமாணப் பத்திரம் மட்டும் பாக்கி. அப்பாவுக்கு 78 வயசு, ஸ்ட்ரோக் வந்து வலது கை வராது, கட்டில்லதான் இருக்காரு. முதல்ல கோர்ட் வாசல்ல மரத்தடில டைப் அடிக்கிற ஒருத்தர்கிட்ட கேட்டேன், அவரு அசால்ட்டா "ஐயாவை எதுக்கு அலைய விடுறீங்க, ஆதார் ஜெராக்ஸ் குடுங்க, வீட்லயே ரேகை வச்சு எடுத்துட்டு வாங்க, சீல் நான் வாங்கித் தர்றேன்"னாரு. இன்னொரு இடத்துல வாட்ஸ்அப்லயே ஆதார் போட்டோ அனுப்புங்க, அரை மணி நேரத்துல சீல் போட்ட பிடிஎஃப் வரும்னாங்க. ரெண்டையும் வேணாம்னுட்டேன், ஏன்னா எங்க வீட்ல ஒரு சீல் ஏற்கனவே ஒரு வாழ்க்கைய நாலு வருசம் பின்னாடி இழுத்துருச்சு.

அத சொல்லாம இந்த ரிவ்யூ எழுத முடியாது. என் தங்கச்சி கல்யாணம் சரியா அமையல, 2019ல ரெண்டு பக்கத்து பெரியவங்களும் உக்காந்து பேசி தீத்து விட்டாங்க. 20 ரூபா பத்திரத்துல "விவாகரத்து ஒப்பந்தம்"னு தலைப்பு போட்டு, இன்றிலிருந்து இருவருக்கும் எந்த பாத்தியதையும் இல்லை, அவரவர் விருப்பம்போல் மறுமணம் செய்துகொள்ளலாம்னு எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு, நாலு சாட்சி, கடைசில ஒரு நோட்டரி சீல், கையெழுத்து, சிவப்பு ஸ்டாம்ப் எல்லாம் ஜம்முனு இருந்துச்சு. அந்த நோட்டரி யாருன்னு இங்க சொல்லல, சொல்லவும் போறதில்ல. அன்னைக்கு எங்க அம்மா அந்த பேப்பர சாமி படத்துக்கு கீழ வச்சு கும்பிட்டாங்க, புள்ளைக்கு விடுதலை கிடைச்சுருச்சுன்னு. 2023ல நல்ல எடத்துல ஒரு வரன் வந்துச்சு, பையன் வீட்டுக்காரங்க கோர்ட் குடுத்த விவாகரத்து தீர்ப்பு எங்கன்னு கேட்டாங்க, இந்தாங்கன்னு இந்த பேப்பர நீட்டுனோம், அவங்க காட்டுன வக்கீல் திருப்பிப் பாக்கக்கூட இல்ல, "இது செல்லாது, சட்டப்படி உங்க பொண்ணு இன்னும் அவரோட மனைவிதான்"னுட்டாரு. தங்கச்சி அப்ப அழுகல, அந்த பேப்பர மடிச்சு கவர்ல போட்டுட்டு உள்ள போயிட்டா, அதுதான் எனக்கு இன்னும் மறக்க முடியல.

விசயம் என்னன்னா நோட்டரிக்கு அந்த அதிகாரமே கிடையாது. 1952 நோட்டரி சட்டம் 8வது பிரிவுல அவங்க என்னென்ன பண்ணலாம்னு இருக்கு, ஒரு ஆவணம் எழுதி கையெழுத்தானத சரிபார்த்து சான்று குடுக்குறது, சத்தியப் பிரமாணம் வாங்குறது, மொழிபெயர்ப்ப சரிபார்க்குறது, இப்படி. கல்யாணம் பண்ணி வைக்கிறதும் கல்யாணத்த ரத்து பண்றதும் அதுல எங்கயும் இல்ல. 2020 கடைசில மத்தியப் பிரதேச ஐகோர்ட் இத கண்டிச்சுச்சு, 2024 அக்டோபர்ல மத்திய சட்ட அமைச்சகமும் நோட்டரிங்க கல்யாணத்துக்கோ விவாகரத்துக்கோ பத்திரம் போட்டுக் குடுக்கக்கூடாது, குடுத்தா தொழில் ஒழுங்கீனம்னு சொல்லி ஒரு குறிப்பாணை போட்டுச்சு. சில சமூகங்கள்ல வழக்கப்படி தீத்துக்கிறதுக்கு இந்து திருமணச் சட்டம் இடம் குடுக்குது, ஆனா அப்படி ஒரு வழக்கம் காலங்காலமா இருக்குன்னு கோர்ட்ல நிரூபிக்கணும், சீல் வந்து அத நிரூபிக்காது. எங்க கேஸ்ல அப்படி வழக்கமும் கிடையாது. ரெண்டு பேரும் சம்மதிச்சு 13பி பிரிவுல ஃபேமிலி கோர்ட்ல போட்டிருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும், நாலு வருசத்த அந்த பேப்பர் தின்னுருச்சு.

இந்த மனநிலையோடதான் வக்கீலம்மா ஆபீஸ் மாடிப்படி ஏறினேன். கதவுக்கு வெளியவே ஃபீஸ் போர்டு, உள்ள இன்னொன்னு, ரெண்டு பக்கமும் மாட்டணும்னு ரூல் இருக்காம், நான் போன மத்த எடத்துல எங்கயும் பாக்கல. டைப் பண்ணி கொண்டுபோன பேப்பர நீட்டுனேன், வாங்கவே இல்ல. முதல் கேள்வி "ஐயா எங்க?"ங்கறதுதான். வீட்ல கட்டில்ல இருக்காருன்னேன். "அப்ப இத இங்க வச்சு பண்ண முடியாது தம்பி, அவர் முன்னாடி இருந்து சொல்லாம நான் சீல் வச்சா அது பொய்ச் சான்று, சனிக்கிழமை நான் வர்றேன்"னாங்க. நான் மகன்தானே, ஆதார் இருக்கே, வீடியோ கால் போடட்டுமான்னு எல்லாம் கேட்டுப் பாத்தேன், கோவப்படாம ஒவ்வொன்னுக்கும் முடியாதுன்னாங்க. ஒரு நிமிசம் கடுப்பாத்தான் இருந்துச்சு, படி இறங்குறப்ப தங்கச்சி பேப்பர் ஞாபகம் வந்துச்சு, இந்த மாதிரி ஒருத்தர்கிட்ட அன்னைக்கு போயிருந்தா அந்த பேப்பரே இருந்திருக்காதுன்னு தோணுச்சு.

சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டோல வந்தாங்க, கைல துணிப்பை, பைக்குள்ள நீளமான ரெஜிஸ்டர், சீல், மை பேடு. வந்ததும் எங்க எல்லாரையும் ரூம விட்டு வெளிய போகச் சொல்லிட்டாங்க, நான், அம்மா, சித்தப்பா எல்லாரும் வெளிய. கதவு பாதி திறந்துதான் இருந்துச்சு, குரல் கேட்டுச்சு. "ஐயா, இன்னைக்கு என்ன கிழமை? இந்த பேப்பர் எதுக்குன்னு தெரியுமா? யாராச்சும் உங்கள போடச் சொல்லி கட்டாயப்படுத்துறாங்களா?" அப்பா பேச்சு கொஞ்சம் குழறும், ஆனா தெளிவா "வீட்டுப் பத்திரம் காணாமப் போச்சும்மா, அதுக்கு"ன்னாரு. அப்புறம் அந்த மூணு பக்கத்தையும் வரி வரியா தமிழ்ல வாசிச்சுக் காமிச்சாங்க, ஏன்னா நான் டைப் அடிச்சு வாங்கினது இங்கிலீஷ்ல. ஸ்ட்ரோக் வந்ததுக்கப்புறம் அப்பாகிட்ட அவர் பேப்பர யாரும் வாசிச்சுக் காமிச்சதில்ல, நான் உள்பட, நாங்க எல்லாம் இங்க கைய வைங்கப்பான்னு மட்டும்தான் சொல்லிருக்கோம்.

ரெண்டாவது பக்கத்துல நிறுத்திட்டாங்க. சர்வே நம்பர் எடத்துல கோடு மட்டும் இருந்துச்சு, டைப் அடிச்சவரு அப்புறம் நிரப்பிக்கலாம்னு விட்டிருந்தாரு. "காலி எடம் இருந்தா நான் வைக்க மாட்டேன், நாளைக்கு யாரு என்ன வேணாலும் எழுதலாம்"னாங்க. பழைய வில்லங்கச் சான்றிதழ தேடி எடுத்து நம்பர பாத்து எழுதி பக்கத்துல சுருக்கக் கையெழுத்துக்கு பதிலா அப்பா ரேகை வச்சதுக்கு அப்புறம்தான் மேல போனாங்க. அப்பாவோட இடது கட்டைவிரல அவங்களே புடிச்சு மைல ஒத்தல, "நீங்களே வைங்க ஐயா, நான் பேப்பர மட்டும் புடிச்சுக்கிறேன்"னாங்க. விரல் நடுங்குச்சு, ரெண்டு தடவ எடுத்து எடுத்து வச்சாரு, அவசரமே படுத்தல.

இந்த நேரம் பாத்து எங்க சித்தப்பா ஒரு வேலை பாத்தாரு. தேதிய போன மாசம்னு போட்டா சப்ரிஜிஸ்தர் ஆபீஸ்ல சவுகரியம்னு மெதுவா கேட்டாரு. வக்கீலம்மா பதில் சொல்லாம ரெஜிஸ்டர திருப்பிக் காமிச்சாங்க. வரிசை நம்பர், தேதி, பார்ட்டி பேர் விலாசம், என்ன ஆவணம், வாங்கின ஃபீஸ், பார்ட்டி கையெழுத்து, அவங்க கையெழுத்து, எல்லாம் தனித்தனி கட்டமா, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவுல ஒரு எறும்பு போக எடம் இல்ல. "இதுல போன மாசத்துக்கு நான் எங்கங்க எழுதுவேன்?"னாங்க. சித்தப்பா பேசல. முன்தேதி போடுறது ஃபோர்ஜரில கொண்டுபோய் விடும்னு பக்குவமா சொல்லிட்டு அன்னைக்கு தேதியையே போட்டாங்க.

ஃபீஸ் போர்டுல இருந்த ரேட்டு, கூட ஆட்டோ காசு, அவ்வளவுதான். ரசீது கேக்காமலே கிழிச்சுக் குடுத்தாங்க. வாசல் மரத்தடில சொன்ன தொகைய விட கம்மி, அங்க ரசீதுங்கற பேச்சே இல்ல.

டீ குடிக்கிறப்ப நான் கேட்டுக்கிட்டே இருந்தேன், அவங்களும் சலிக்காம சொன்னாங்க. நிறைய பேரு வீட்டுக்கு பவர், அதாவது நமக்கு பதிலா இன்னொருத்தர் செய்ய அதிகாரம் குடுக்குற பத்திரம் எழுதி நோட்டரி சீல் வாங்கிட்டா வித்துரலாம்னு வர்றாங்களாம், தமிழ்நாட்டுல 2012 டிசம்பர்ல இருந்து சொத்து விக்கிறதுக்கான பவர், விற்பனை ஒப்பந்தம் ரெண்டையும் ரிஜிஸ்தர் பண்ணியே ஆகணும், நோட்டரி சீல வச்சுக்கிட்டு சப்ரிஜிஸ்தர் ஆபீஸ் பக்கம் போக முடியாது. பவர வச்சு மட்டும் சொத்து கை மாறாதுன்னு 2011லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. உயிலுக்கு நோட்டரி சீல் தேவையே இல்ல, ஆனா எழுதினவரு கையெழுத்த பாத்த ரெண்டு சாட்சி கையெழுத்து கண்டிப்பா வேணும், சீல் இருக்கு சாட்சி இல்லன்னா அந்த உயில் நிக்காது. அசல் இல்லாம ஜெராக்ஸ மட்டும் காமிச்சு உண்மை நகல்னு போடச் சொல்றவங்களயும் திருப்பி அனுப்பிருவாங்களாம். அவங்க வீட்டுக்காரர் பேங்க் லோன் பேப்பருக்குக்கூட இன்னொரு நோட்டரிகிட்டதான் போகச் சொன்னாங்களாம், "எனக்கு லாபம் இருக்குற பேப்பருக்கு நானே சாட்சியா நிக்கக்கூடாது"ன்னாங்க. இத கேட்டப்பதான் எனக்கு நோட்டரின்னா என்னன்னே பிடிபட்டுச்சு. பேப்பர்ல எழுதினது உண்மைன்னு அந்த சீல் சொல்லல, இன்னார் என் முன்னாடி வந்து, தெரிஞ்சு, இஷ்டப்பட்டு கையெழுத்து போட்டாருன்னு மட்டும்தான் சொல்லுது. அந்த ஒன்னையும் பாக்காம சீல் வச்சா அந்த பேப்பர்ல மை மட்டும்தான் மிச்சம்.

தங்கச்சி விசயத்தையும் சொன்னேன். அந்த 2019 பேப்பர வாங்கி ரொம்ப நேரம் பாத்தாங்க. சீல்ல நோட்டரி பேர், ஏரியா, பதிவு நம்பர், எந்த அரசு நியமிச்சதுன்னு எல்லாம் வட்டத்துக்குள்ள இருக்கணும், அதுல எந்த அரசுன்னு இருக்கோ அந்த அரசுக்கு புகார் குடுக்கலாம், விசாரிச்சு தப்புன்னு தெரிஞ்சா நோட்டரி பட்டியல்ல இருந்தே பேர எடுக்க சட்டத்துல வழி இருக்குன்னாங்க. புகார எழுதித் தரவான்னும் அவங்களே கேட்டாங்க. தங்கச்சிதான் முதல்ல கேஸ் முடியட்டும்னுட்டா. தங்கச்சிய கட்டுனவரு இந்த பேப்பர நம்பி வேற கல்யாணமே பண்ணிட்டாரு, அந்த பொண்ணு நிலைமையும் பாவம்தான், அதுக்கும் சட்டப்படி பிடிமானம் இல்லாம போச்சு. ஒரு சீல் ரெண்டு பொண்ணுங்கள இப்படி நடுத்தெருவுல நிறுத்திருச்சேன்னு நெனச்சா வயிறு எரியுது. இப்ப ஃபேமிலி கோர்ட்ல மனு ஓடிக்கிட்டு இருக்கு.

குறைன்னா சொல்லணும்ல. மாடிப்படி ரொம்ப செங்குத்து, வயசானவங்க ஏற முடியாது. காலைல அவங்க கோர்ட்ல இருப்பாங்க, சாயங்காலம் 5 மணிக்கு மேலதான் ஆபீஸ், நான் போன அன்னைக்கு எனக்கு முன்னாடி பதினோரு பேரு, ஒவ்வொருத்தர் பேப்பரையும் முழுசா வாசிக்கிறதால ஒன்றரை மணி நேரம் உக்காந்திருந்தேன். ஜெராக்ஸ் மெஷின் கிடையாது, கீழ இறங்கி ரோட தாண்டி போகணும். அவசரமா ஒரு மணி நேரத்துல சீல் வேணும்னா இவங்க சரிப்பட மாட்டாங்க. இதுக்காக ஒரு ஸ்டார் குறைக்கலாமான்னு யோசிச்சேன், மனசு வரல.

போறவங்க அசல் ஆதார் கண்டிப்பா எடுத்துட்டு போங்க, கையெழுத்த வீட்லயே போட்டு வச்சுக்காதீங்க, அவங்க முன்னாடிதான் போடணும், முன்னாடியே போட்ட பேப்பர்னா புதுசா டைப் அடிச்சிட்டு வரச் சொல்லிருவாங்க. படுத்த படுக்கையா இருக்கவங்களுக்கு சனிக்கிழமை வீட்டுக்கு வர்றாங்க, அவங்க ஏரியாவுக்குள்ள மட்டும், வெள்ளிக்கிழமையே சொல்லி வச்சிருங்க.